கொட்டகையை மூடிய மார்கழி

மாடு இருமும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மனிதன் இருமுவதைப் போலவே இருமும் என்று அந்த மார்கழியில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலையில் கொட்டகைப் பக்கமிருந்து இருமல் கேட்டது. என் வீட்டுக்காரர்தான் திருட்டுத்தனமாகப் பீடி பிடிக்கிறார் என்று முடிவு கட்டி, அடுப்படியில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டேன். பீடியை விட்டுவிட்டதாகக் கோயிலில் சத்தியம் செய்த வாயா இது, வெட்கமில்லையா, வயசுக்கு வந்த பெண் வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பில்லையா என்று இருந்ததையெல்லாம் கொட்டினேன். கொட்டி முடித்துத் திரும்பினால் மனுஷன் கையில் ஈரத்துணியோடு வாசற்படியில் நிற்கிறார். ஆட்டோவைத் துடைத்துவிட்டு அப்போதுதான் தெருவிலிருந்து உள்ளே வந்திருக்கிறார்.

“அப்போ இருமுனது யாரு?” என்றேன்.

இருவருமாகக் கொட்டகைக்கு ஓடினோம். கறுப்புப் பசு கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. எங்களைக் கண்டதும் எப்போதும் தலையை ஆட்டும், அன்று ஆட்டவில்லை. மறுபடியும் ஒரு முறை இருமியது. அதன் விலா இரண்டும் உள்ளே போய் வெளியே வந்தன.

எங்கள் வீடு பெங்களூரில், மர்பி டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்னால் இரண்டு அறை, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. அப்போது அதில் மூன்று மாடுகள் இருந்தன. நாங்கள் மாட்டுக்குப் பெயர் வைப்பதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். கறுப்பு, செவலை, புதுசு. இதில் செவலை சினையாகி, பால் வற்றி நின்றது. புதுசு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அது கறந்த பால் எங்கள் வீட்டுக் காப்பிக்கே போதவில்லை. ஆட்டோவில் வருவது ஆட்டோவுக்கே சரியாகப் போய்விடும். ஆக, எங்கள் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியது, வீட்டு வாடகை கொடுத்தது, எனக்குப் பல் கட்டியது எல்லாம் கறுப்புதான். அக்கம்பக்கத்தில் பதினெட்டு வீடுகளுக்கு அதன் பால் போய்க்கொண்டிருந்தது. அது படுத்தால் நாங்களும் படுக்க வேண்டியதுதான்.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு, அதில் குற்றவாளி நான். எங்களுக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்து நாலு மாடி கட்டியிருந்தார்கள். அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் அதில் ஆட்கள் குடிவந்தார்கள். வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், மாநகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து வாசலில் நின்றார். பாவம், மெலிந்த உடம்பு, பணிவான பேச்சு.

“பக்கத்து பில்டிங்ல இருந்து ஒரு கம்ப்ளைன்ட்மா. உங்க கொட்டாயில இருந்து...” என்று ஆரம்பித்தார்.

அவரை முடிக்க விடவில்லை நான். “இன்னா, நாத்தம் வருதாமா? நேத்து வந்தவங்களுக்கு எங்க மாடு நாறுதா? காலைல காப்பிக்குப் பால் மட்டும் மணக்குமா?” என்று பிடித்துக்கொண்டேன். எனக்கு நாக்கு நீளம் என்று என் அம்மாவே சொல்லுவாள். அந்த ஆள் நடுவில் இரண்டு முறை வாயைத் திறந்தார், இரண்டு முறையும் மூடிக்கொண்டார். கடைசியில், “சொல்ப, கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். அன்றைக்கு அவரை விரட்டியதில் எனக்குப் பெருமை வேறு.

பெருமை இரவுவரைதான் நின்றது. மறுபடியும் புகார் போனால் மாட்டையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிடுவார்களே என்று பயம் பிடித்துக்கொண்டது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டுக்காரரின் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு தலைவருக்குப் பிறந்தநாள் கொண்டாடி முடித்திருந்தார்கள். அதற்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர்கள் சும்மா சுருட்டிக் கிடந்தன. நாலைந்தை வாங்கிவரச் சொல்லி, கொட்டகையின் மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரைவரை இழுத்துக் கட்டினேன். ஆணியடித்து, இடுக்கில் சாக்கைத் திணித்து, ஈ புக இடமில்லாமல் அடைத்தேன். மாடு திரும்பும் பக்கமெல்லாம் தலைவர் கைகூப்பிச் சிரித்தார். வாசனையும் வெளியே போகாது, குளிரும் உள்ளே வராது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் புதுசு வந்தது. செவலை வற்றியதால் பால் பற்றாமல் போகவே, அத்திபெலேயில் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரர் போய்ப் பேசி முடித்தார். திறந்த டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் தூறல், போதாததற்கு ஓசூர் ரோட்டில் நெரிசல். பாதி நாள் நின்றபடியே நனைந்து வந்த மாடு, இறங்கும்போது கால் நடுங்கியது, மூக்கில் சளி ஒழுகியது. பயணக் களைப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். புதிய இடத்தில் அதற்குக் குளிருமே என்று பாவப்பட்டு, கறுப்புக்கும் செவலைக்கும் நடுவில் கட்டினோம். புதுசு ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. அது கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டது கறுப்பு, செவலை எப்படியோ தப்பித்துவிட்டது.

இருமல் கேட்ட அன்றே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. சளிதானே என்று கைவைத்தியம் பார்த்தேன். வெற்றிலையில் மிளகும் பூண்டும் வைத்துக் கொடுத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீடுகளில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டுவோம், சளி பிடிக்காது என்று. என் மகளுக்கும் அப்படித்தான் காட்டி வளர்த்தேன். மாடும் பிள்ளை மாதிரிதானே என்று, கறுப்பின் மூக்குக்கு நேராகத் தணலில் சாம்பிராணி போட்டுக் காட்டினேன். சாயங்காலமானால் கொசுவுக்காக வறட்டியும் வேப்பிலையும் தேங்காய் மட்டையும் வைத்து மூட்டம் போடுவது எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். அந்த மூன்று நாளும் அதை இரண்டு பங்காகப் போட்டேன். புகை வெளியே போக வழியில்லாமல் கொட்டகைக்குள்ளேயே சுற்றியது. நன்றாகப் பிடிக்கட்டும் என்று வாசல் படுதாவையும் இழுத்துவிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் நாள் கேனில் முக்கால்தான் நிரம்பியது. அடுத்த நாள் பாதி. நாலாம் நாள் காலையில் வாளியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்தது அப்படியே இருந்தது. அசைபோடுவது நின்றுபோய்விட்டது. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, முன்னங்கால் இரண்டையும் அகட்டிக்கொண்டு நின்றது. படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

“போயிடும் போல கீதேம்மே” என்றார் வீட்டுக்காரர். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “வாய மூடுயா, போய் டாக்டரம்மாவ இட்டுனு வா” என்று கத்தினேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். என் மகளைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கலாம். கன்னடக்காரி, ஆனால் இந்தப் பக்கத்து மாட்டுக்காரர்களோடு பழகிப் பழகித் தமிழும் கலந்து பேசுவாள். ஸ்கூட்டரை நிறுத்தி, கொட்டகைக்குள் இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள். மாட்டைப் பார்க்கவில்லை. சுற்றிலும் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அணைந்து கிடந்த மூட்டத்தைப் பார்த்தாள்.

“ஏனம்மா இது?” என்றாள்.

“குளிருக்குத்தாம்மா கட்டினேன்” என்றேன். புகாரைப் பற்றிச் சொல்லவில்லை.

“மாடு படுத்தா அதோட மூக்கு எங்க இருக்கும்? அங்க உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் பேடா, ஏந்திரிக்க வேணாம்.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. என் வீட்டுக் கொட்டகையில் என்னையே உட்காரச் சொல்ல இவள் யார்? ஆனால் கறுப்பின் மூச்சுச் சத்தம் என் வாயை அடைத்துவிட்டது. தரையோடு தரையாகக் குந்தினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் எரிந்தது. மூக்கின் உள்ளே காரமாக ஏறியது, மாட்டு மூத்திரத்தின் ஆவி. நின்றுகொண்டு வேலை பார்க்கும்போது அது தெரிவதில்லை, கீழே கனமாகத் தேங்கி நின்றது. பழைய புகையும் சேர்ந்துகொண்டது. தொண்டை கமறி எனக்கே இருமல் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் ஆவதற்குள் எழுந்து வெளியே ஓடினேன்.

“உங்களுக்கு வெளிய ஓட கால் இருக்கு. அத கட்டிப் போட்டிருக்கீங்க” என்றாள் டாக்டரம்மா. திட்டுவது போலச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் வலித்தது.

பிறகு மாட்டைப் பார்த்தாள். காய்ச்சல் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்து வெகு நேரம் கேட்டாள். நுரையீரல் இரண்டிலும் கபம் கட்டியிருக்கிறது என்றாள். புது மாடு மழையிலும் அலைச்சலிலும் நோயை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தனியாகக் கட்டி வைத்திருந்தால் அதோடு போயிருக்கும். அது பரவினாலும் நல்ல காற்று இருந்திருந்தால் கறுப்பு தாங்கியிருக்கும். அடைத்த கொட்டகை, மூத்திர ஆவி, அதன் மேல் புகை, எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே புண்ணாகியிருந்த நெஞ்சில் கிருமி சுலபமாக இறங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

“பொழைக்குமா?” என்றார் வீட்டுக்காரர்.

“அஞ்சு நாள் ஊசி போடணும். மூணாவது நாள் தின்ன ஆரம்பிச்சா பொழைக்கும். இதெல்லாம் இன்னைக்கே அவுக்கணும். ஹொகெ, அதான் புகை, பேடவே பேடா. இன்னொண்ணு, ஊசி போடுற நாளும் அதுக்கப்புறம் ஒரு வாரமும் இந்தப் பால் யாருக்கும் கொடுக்கக் கூடாது. மருந்து பால்ல வரும்.”

டாக்டரம்மா போனதும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் பால் இல்லை என்றால் பதினெட்டு வீட்டுக்காரர்களும் பாக்கெட் பாலுக்குப் போய்விடுவார்கள். ஒரு முறை பாக்கெட்டுக்குப் பழகிய வீடு திரும்பி வருவது கஷ்டம். மாட்டுக்குத் தீனி போட்டுத்தான் ஆக வேண்டும், ஊசி மருந்தும் வாங்க வேண்டும். “ரெண்டு நாள் கழிச்சி கொஞ்சம் வந்தா, புதுசோட பால்ல கலந்து குடுக்கலாமா?” என்று வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அதே எண்ணம் ஒரு நொடி வந்து போனது. ஆனால் அந்தப் பாலைக் குடிக்கும் பிள்ளைகளின் முகமெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு தப்பு செய்தது போதாதா என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அன்று மதியமே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மாட்டுக்கு உடம்பு சரியில்லை, ஊசி போடுகிறோம், பால் வராது. சில பேர் “பரவால்லம்மா, மாடு நல்லாகட்டும்” என்றார்கள். சில பேர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து வேறு பாலுக்குச் சொல்லிவிட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் காலையில் காப்பி குடிக்க வேண்டுமே. கறந்த கொஞ்சநஞ்சத்தைச் சாக்கடையில் ஊற்றும்போது மட்டும் வயிறு எரிந்தது.

ஃப்ளெக்ஸை அவிழ்த்தோம். தலைவர் மடங்கி விழுந்தார், மூன்று பக்கமும் வெளிச்சம் வந்தது. காற்று நேராகப் பக்கத்து நாலு மாடி நோக்கிப் போனது. இனி புகார் வரும், ஆள் வருவார், இந்த முறை என் நாக்கு ஒன்றும் செய்யாது. வருவதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்று தோன்றியது. சண்டை போடவா கெஞ்சவா என்று முடிவு செய்யாமலே படியேறினேன்.

இரண்டாம் மாடியில் கதவைத் திறந்தது ஒரு கண்ணாடி போட்ட பையன், முப்பது வயசுக்குள் இருக்கும். கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் திருச்சிப் பக்கம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புகார் கொடுத்தது தான்தான் என்று அவனே சொன்னான், முகம் வெளுத்துப்போய்.

“தம்பி, தட்டியெல்லாம் அவுத்துட்டேன். இனிமே நாத்தம் வரும். ஒரு பத்து நாள் பொறுத்துக்கோ. மாடு சாகக் கெடக்குது” என்றேன்.

அவன் முழித்தான். “நாத்தமா? அக்கா, நான் சாணி நாத்தத்துக்கு கம்ப்ளைன்ட் பண்ணவே இல்லையே. எங்க வீட்டுலயும் மாடு இருந்திச்சு. சாயங்காலம் ஒரு புகை வருதே, அதுக்குத்தான். பாப்பாவுக்கு வீசிங் இருக்கு. புகை வந்தா ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்கும். வந்தவரு உங்ககிட்ட சொல்லலியா?”

சொல்ல வந்தார். நான்தான் விடவில்லை. அந்த மெலிந்த மனிதர் இரண்டு முறை வாயைத் திறந்தது கண் முன்னால் வந்து நின்றது. அவர் சொல்ல வந்ததை அன்றே காதில் வாங்கியிருந்தால் மூட்டத்தை நிறுத்தியிருப்பேன், தட்டி கட்டியிருக்கவே மாட்டேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் நெஞ்சில் கர் கர் என்று சத்தம் கேட்டது, கொட்டகையில் நாலு நாளாக நான் கேட்ட அதே சத்தம். நான் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, நீ மன்னிப்பு கேட்டதை நான் பார்க்கவில்லையே என்கிறார். கேட்டேன், குழந்தைதான் சாட்சி.

மறுநாள் அந்தப் பையனே பெரிய கொசுவலை ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகையைச் சுற்றிக் கட்ட உதவி செய்தான். ஆணி அடிக்கத் தெரியவில்லை, பெருவிரலில் அடித்துக்கொண்டான். புதுசைக் கொட்டகையின் மறு ஓரத்தில் தனியாகக் கட்டினோம். தரையைக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டுத் தள்ளினேன். டாக்டரம்மா தினமும் வந்து ஊசி போட்டாள்.

இரண்டாம் நாளும் கறுப்பு எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம்வரை ஒன்றுமில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து வரும் வழியில் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் தழை பொறுக்கிக்கொண்டு வந்தாள். சும்மா ஒன்றை மூக்கருகில் நீட்டினாள். கறுப்பு முகர்ந்தது, யோசித்தது, நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. மெதுவாக, வேண்டா வெறுப்பாக மென்றது. பிறகு இன்னொன்று. அன்று பொழுது சாயும்போது அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கால் மடக்கிப் படுத்தது.

ஊசி முடிந்து மேலும் ஒரு வாரம் கழித்து, காலையில் டாக்டரம்மா கடைசியாக ஒரு முறை பார்க்க வந்தாள். வீட்டுக்காரர் சவாரிக்குப் போயிருந்தார். அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட நேரம் எனக்கு ஒரு யுகம். குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்: நெஞ்சு தெளிந்துவிட்டது, நாளையிலிருந்து பால் கொடுக்கலாம். ஆனால் நுரையீரலில் ஒரு பக்கம் கொஞ்சம் வடுவாகிவிட்டது, அது திரும்பாது. பழைய அளவுக்குப் பாலும் திரும்பாது, வேளைக்கு இரண்டு லிட்டராவது குறையும். அடுத்த ஈற்றிலும் அப்படித்தான் இருக்கலாம்.

குறையட்டும் என்றேன். பதினெட்டு வீட்டில் ஏழு வீடு ஏற்கெனவே போயிருந்தது, குறைந்த பாலுக்கு மிச்சமிருக்கும் பதினொரு வீடுகள் சரியாக இருக்கும். டாக்டரம்மாவை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தேன். அதுவரை எங்கேயோ பிடித்து வைத்திருந்தது உடைந்துவிட்டது. தெரு என்று பார்க்காமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன், அப்படி ஒரு நிம்மதி. செத்துப்போகாமல் என்னைக் காப்பாற்றியது அந்த மாடு, நான் அதைக் காப்பாற்றவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் ஆட்டோ சந்துக்குள் திரும்பியது. பின்னால் சவாரி யாரும் இல்லை. டாக்டரம்மா வரும் நாள் என்று பாதியில் திரும்பி வந்திருக்கிறார். நான் வாசலில் நின்று அழுவதைப் பார்த்தார். வண்டி வழியிலேயே நின்றது. அவர் இறங்கவில்லை. ஹேண்டில் பாரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஓடினேன். “யோவ், இருக்குதுய்யா! இருக்குது! இன்னும் தழை கேட்டு கத்திக்கினு கீது, போய்ப் பாரு!” என்று அவர் முதுகில் அடித்தேன். அவர் தலையைத் தூக்கி, கண்ணீரும் மூக்குச்சளியுமாக என்னைப் பார்த்து, “அப்ப எதுக்குடி அழுவுற?” என்று கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டி நான் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.